தாய்மாமனும் நாய் கொண்டுபோன சப்பாத்தும்

ஈழத் தமிழனுக்கு உல்லாசப் பயணம் என்று ஒன்று கிடையாது. லண்டனுக்குப் போனால் சின்னம்மா வீடு, பாரிசுக்குப் போனால் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு, சூரிச்சுக்குப் போனால் என் மனைவி வசந்தியின் பள்ளித் தோழி வீடு. எங்கே போனாலும் ஒரு சோபா, ஒரு கோழிக்கறி, புறப்படுகிற அன்றைக்கு வாசலில் நின்றபடி “ஒருநாளும் ஆறுதலா நிண்டு போறேல்லை” என்று ஒரு குறை. ஈஃபில் கோபுரத்தை நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் அண்ணன் வீட்டுக் குளியலறை யன்னலுக்குள்ளால்தான்.

போன வருடம் வசந்தி ஒரு முடிவுக்கு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒரு சொந்தக்காரரும் இல்லாத நாடாப் பாருங்கோ. இந்தமுறை அங்கை போவம்.”

“அப்பிடி ஒரு நாடு இருக்கே?”

தேடிப் பார்த்தோம். நோர்வேயைப் பற்றிப் பேசவே வேண்டாம். நியூசிலாந்தில் அவளுடைய மாமா முறை. ஃபிஜியில் கூட யாரோ ஒருவருடைய சம்பந்தி கணக்காளராக இருக்கிறாராம். கடைசியில் மொங்கோலியா அகப்பட்டது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் ஒரு அன்ரி மட்டும், “அங்கை கோயில் இருக்கோ?” என்று கேட்டு, கும்பிடுகிற கை ஒன்றையும் அனுப்பினார்.

முதுகுப்பை மட்டும் கொண்டு போவது, எங்களோடு வராத மகளின் யோசனை. டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் வசந்தி பையை அடுக்க, மகள் கதிரையில் இருந்து பார்த்தாள்.

“அம்மா, பாக்பாக்கிங் எண்டா லைட்டாப் போறது. ஸீரியஸ்லி, புட்டுமாவா?”

“அங்கை அரிசி விளையாதாம். நான் இன்ரநெற்றில பாத்தனான்.”

“மிளகாய்த்தூள் எதுக்கு?”

“உமக்கு விளங்காது பிள்ளை. நாலு நாள் உறைப்பில்லாட்டி கொப்பர் ஆக்களைக் கண்டபாட்டுக்கு ஏசுவார்.”

பையின் மீதி இடத்தை மேப்பிள் மரத்துச் சீனிப்பாணிப் போத்தல்களும் மேப்பிள் இலை தொங்கும், சாவி மாட்டுகிற திறப்புக் கோவைகளும் பிடித்துக்கொண்டன. கனடாக்காரர் வெளிநாட்டவருக்குக் கொடுக்க வேறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. உடுப்புக்கு இருந்த இடத்தில் ஆளுக்கு ஒரு மாற்றுச் சேட் வைத்தோம்.

நான் ஸ்காபரோவில் நகரப் பஸ் ஓட்டுகிறவன். ஒரே வீதி, ஒரே தரிப்புகள், ஒரே சனம். ஏறுகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற கதைகள்தான் எனக்குப் பல்கலைக்கழகம். நான் மொங்கோலியா போகிறேன் என்றதும், தினமும் ஏறுகிற ஒரு யமேக்கா நாட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “விடுமுறையிலாவது உன்னை யாராவது கொண்டுபோவார்களா, அல்லது அங்கேயும் நீயே ஓட்டுவாயா?” என்று கேட்டுவிட்டு இறங்கினார். 

தலைநகர் உலான்பாத்தரில் இறங்கிய அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளியில் வசந்தி மச்சம் தொடமாட்டாள். சாப்பாட்டுக் கடையில் இறைச்சி இல்லாத சாப்பாடு கேட்டோம். பரிமாறுகிற பெண் நோயாளியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். “உடம்புக்கு என்ன?” என்று கைபேசி மொழிபெயர்ப்பு வழியாகக் கேட்டாள். ஒன்றுமில்லை, சாமிக்காக என்று எழுதிக் காட்டினோம். அவள் மனம் இளகி உள்ளே போய், மிகுந்த மரியாதையோடு ஒரு கோழிக்காலைக் கொண்டுவந்து வைத்தாள். ஆடும் மாடும் குதிரையும்தான் இறைச்சி, கோழி ஒருவகை மரக்கறி என்பது அங்கே எழுதாத சட்டம் போலும்.

“சாப்பிடும்,” என்றேன். “இந்த நாட்டுக் கத்தரிக்காய்.”

வசந்தி அன்றைக்கு வெறும் சோறும் மிளகாய்த்தூளும் சாப்பிட்டாள். மிளகாய்த்தூள் விஷயத்தில் மகளை விட அவள் கெட்டிக்காரி என்பதை நான் ஒப்புக்கொள்ளாமல் தவிர்த்தேன்.

அடுத்த நாள் காலையில், எங்களை ஏரி பார்க்கக் கொண்டுபோக ஒழுங்கு செய்திருந்த சாரதி டோர்ஜ் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். தன் வானைப் பெருமையோடு காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ருசியன் வான். பேக்கரிப் பாண் ஒன்றுக்குச் சில்லுப் பூட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. இருக்கைப் பட்டி இருந்தது, அதைப் பூட்டுகிற இடம்தான் இல்லை.

அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதாவது இரண்டுமே பள்ளிக்கூடம் போகாதவை. அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னவற்றை நான் இங்கே என் தமிழில்தான் போடுகிறேன். அவருடைய வாய்க்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது.

நகரத்தைத் தாண்டியதும் தார் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் வீதியும் முடிந்தது. அதற்குப் பிறகு புல். நான் பார்த்த அளவுக்குப் புல், வசந்தி பார்த்த அளவுக்கும் புல், இருவரும் பார்க்காத பக்கத்திலும் புல். ஒரு மரம், ஒரு கம்பம், ஒரு பெயர்ப்பலகை கிடையாது. வானம் வேறு கூரை போடாமல் விட்டதுபோல மேலே நின்றது. ஒவ்வொரு நாளும் வீதி திருத்த வேலையால் சுற்றிச் சுற்றிப் பஸ் ஓட்டுகிற எனக்கு, வீதியே போடாவிட்டால் திருத்த வேலையும் இல்லை என்ற உண்மை அன்றைக்குத்தான் தெரிந்தது.

“டோர்ஜ், எந்தப் பக்கம் போகவேணும் எண்டு எப்பிடித் தெரியும்?”

“போய்ப் பாத்தாத் தெரியும்.”

“பிழைச்சுப் போனா?”

“அங்கையும் ஆக்கள் இருப்பினம்தானே.”

மதியத்தில் வான் இருமி நின்றது. டோர்ஜ் இறங்கி எதையோ கழற்றி, ஊதி, திரும்பப் பூட்டினார். என் பஸ் நின்றால் நான் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கோப்பி குடிப்பேன், வேறு யாராவது வருவார்கள். வாகனத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் வசந்திக்கும் தெரிந்த அளவு ஒன்றுதான். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அனுபவசாலி போலத் தலையை ஆட்டினேன்.

மாலையில் ஒரு மேட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது டோர்ஜ் விஷயத்துக்கு வந்தார். அதுவரை ஓயாமல் பேசியவர், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஓயுனா என்று ஒரு தங்கை. சில வருடங்களுக்கு முன் ஒரு கொடுங்குளிர் வந்து இருவருடைய மந்தையும் செத்துப்போனது. டோர்ஜ் மிஞ்சியதை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனார். தங்கை போகவில்லை. “போறனெண்டா போ. திரும்பி இந்தக் கதவுக்கு வராதை,” என்றாளாம். அவரும் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இடையில் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து மூன்று வயதாகிவிட்டது. அவர் பிள்ளையைக் கண்டதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு முதல் முடி வெட்டுகிறார்கள். நாளைதான் நல்லநாள் என்று அவர்களுடைய லாமா சொல்லிவிட்டார், பொழுது படுவதற்குள் முடிய வேண்டும். உறவினர் ஒருவர் மூலம் சொல்லி விட்டிருக்கிறாள்: வருகிறவர்கள் வரலாம்.

“எனக்கெண்டு சொல்லேல்லை,” என்றார் டோர்ஜ். “ஆனா வராதை எண்டும் சொல்லேல்லை.”

போனால் எங்களை ஏரிக்குக் கொண்டுபோக முடியாது. வழி எதிர்ப்பக்கம். நாங்கள் ஏரி பார்க்கத்தான் வந்தோம். இணையத்தில் அந்த ஏரியின் படங்களைப் பார்த்து நான் மூன்று பேரிடம் புளுகியும் இருந்தேன். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நீங்கள் தாயோடை பிறந்த தமையன் எல்லோ?” வசந்தி டோர்ஜிடம் கேட்டாள். “அப்ப பிள்ளைக்குத் தாய்மாமன்.”

ஓம் என்று தலையாட்டினார்.

“தாய்மாமன் இல்லாமல் என்னண்டு முடி எடுக்கிறது? என்ன விசர்க்கதை. தம்பி, விடிய வெள்ளனப் புறப்படுவம்.”

“அப்ப ஏரி?” என்றேன் நான், மெல்லிய குரலில்.

“சிம்கோ ஏரி எங்களுக்குப் பக்கத்தில கிடக்கு. ஒருநாள் எண்டாலும் போனனீங்களே?”

மறுநாள் விடியப் புறப்பட்டோம். மேய்ச்சலுக்காக இடம் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. போகிற வழியில் கேட்டுக் கேட்டுத்தான் போகவேண்டும். மதியம் தாண்டி ஒரு கேரைக் கண்டோம். கேர் என்பது அவர்களுடைய வட்டமான வெள்ளைக் கம்பளிக் கூடாரவீடு. டோர்ஜ் தூரத்திலேயே நின்று நாயைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் வந்து பிடித்தார். நாய் என்றால் நாய் இல்லை, கரடியின் ஒன்றுவிட்ட சகோதரம்.

கேருக்குள் போகும்போது வாசற்படியை மிதிக்கக்கூடாது, இடதுபக்கமாகப் போகவேண்டும், தருவதை வலதுகையால் வாங்கவேண்டும் என்றெல்லாம் டோர்ஜ் சொல்லித் தந்திருந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அவர் சொல்லாத ஒன்றையும் செய்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, சோடியாக, அழகாக, வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

தமிழன் ஒரு வீட்டுக்குள் சப்பாத்தோடு போவானா? கனடாவில் குளியலறை திருத்த வருகிற வெள்ளைக்காரனைக்கூட வாசலில் மறித்துக் கழற்ற வைக்கிற சாதி நாங்கள். வசந்தியுடையது வார் வைத்துக் கட்டிய உயரச் சப்பாத்து, கழற்ற நேரமெடுக்கும் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே எல்லோரும் சப்பாத்துக் காலோடு விரிப்பின்மேல் வசதியாக இருந்தார்கள். என் காலுறையை, அதில் இருந்த ஓட்டையை, அதற்குள்ளால் வெளியே பார்த்த பெருவிரலை மரியாதையோடு பார்த்தார்கள். வீட்டுக்காரர் டோர்ஜிடம் ஏதோ கேட்டார்.

“என்னவாம்?”

“உங்கடை நாட்டில சப்பாத்துக்குத் தட்டுப்பாடோ எண்டு கேக்கிறார்.”

உப்புப் போட்ட தேநீரும் கல்லைவிடக் கொஞ்சம் மெதுவான காய்ந்த தயிர்க்கட்டியும் வந்தன. ஓயுனாவின் கேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மேட்டுக்குப் பின்னால் என்று தெரிந்துகொண்டோம். நேரம் போதும். வெளியே வந்தோம். என் சப்பாத்தில் ஒன்று மட்டும் இருந்தது.

மற்றதைக் கரடியின் சகோதரம் வாயில் கவ்விக்கொண்டு வெகுதூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறைக்க ஒரு செடிகூட இல்லாத வெளி. அது ஓடுவதை எல்லோரும் நன்றாக, நெடுநேரம், தடையில்லாமல் பார்த்தோம்.

“பரவாயில்லை, போவம்,” என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஆனால் வீட்டுக்காரர் விடவில்லை. தன் வாசலில் விருந்தாளி சப்பாத்தைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு போவதா? குதிரையில் பாய்ந்து ஏறி நாயைத் துரத்திப் போனார். அவர் திரும்பி வரும்வரை புறப்படுவது அவரை அவமதிப்பது.  டோர்ஜ் சூரியனைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார், பிறகு திரும்பவும் சூரியனை. நான் ஒற்றைச் சப்பாத்தோடு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். வசந்தி என்னை ஏசாமல் இருந்தாள். அவள் ஏசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று கலியாணம் கட்டியவர்களுக்குத் தெரியும்.

நெடுநேரம் கழித்து வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார். உள்ளே போய், மூக்கு மேலே வளைந்த தன் தோல் பூட்ஸ் ஒரு சோடியைக் கொண்டுவந்து, குனிந்து தானே என் காலில் மாட்டிவிட்டார். நான் அதற்குப் பிறகு நாடகத்து ராசா மாதிரித்தான் நடந்தேன்.

ஆற்றில் இறங்கியபோது வெயில் சரிந்துவிட்டது. கரையில் நின்று டோர்ஜ் ஆழம் பார்க்கவில்லை. வழக்கமாகப் பார்ப்பாராம், அன்றைக்குப் பார்க்கவில்லை. நடு ஆற்றில் வான் நின்றது. வானுக்குள்ளேயும் ஆறு வந்தது.

வசந்திதான் முதலில் இறங்கினாள். முழங்காலுக்கு மேலே தண்ணீர், பனிக்கட்டியின் தண்ணீர்.

“என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? நாளைக்கு பஸ் வருமெண்டோ? இறங்கித் தள்ளுங்கோ.”

தள்ளினோம். டோர்ஜ் உள்ளே இருந்து எதையோ ஊதினார், ஏசினார், கெஞ்சினார். அந்த வான் அவர் கெஞ்சியதற்குத்தான் இரங்கியது என்று நினைக்கிறேன். இருமிக்கொண்டு கரையேறியது. நாங்கள் பின்னால் ஓடிப் போய் ஏறினோம்.

“அக்கா,” என்றார் டோர்ஜ், திரும்பாமல். “பொழுது பட்டிட்டுதெண்டா நான் உள்ளுக்கு வரேல்லை. உங்களை இறக்கிவிட்டிட்டு வெளியில நிக்கிறன்.”

“பேசாமல் ஓடும் தம்பி,” என்றாள் வசந்தி.

இரண்டாவது மேட்டைத் தாண்டியதும் கேர் தெரிந்தது. சூரியன் மலை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசலில் கொஞ்சப் பேர் நின்றார்கள், எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவர்கள் பார்த்த திசையில் ஒரு சின்னப் பயல் ஆட்டு மந்தைக்குள் ஓடிக்கொண்டிருந்தான். தலையில் ஒரு பக்கம் நீளமான முடி, மறுபக்கம் மொட்டை. பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவரின் விரலைக் கடித்துவிட்டு ஓடியவனாம். பிடிக்கப் போன தகப்பனையும் ஆடுகள் சுற்றி வளைத்துவிட்டன.

ஓயுனா எங்கள் வானைப் பார்த்தாள். இறங்கிய தமையனைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நனைந்து நின்ற எங்களைப் பார்த்தாள். என் பூட்ஸில் அவள் பார்வை கொஞ்சம் தங்கியது. தமையனும் தங்கையும் ஒன்றும் பேசவில்லை.   

பிள்ளை ஆடுகளுக்குள்ளிருந்து வெளியே வந்தது வசந்தியின் கையில் ஆடிய திறப்புக் கோவையைப் பார்த்து. சிவப்பு மேப்பிள் இலை. கனடாவின் வெளியுறவுக் கொள்கை வென்ற ஒரே சந்தர்ப்பத்தை நான் நேரில் கண்டேன்.

“இவரின்ரை பேர் என்ன?” வசந்தி கேட்டாள்.

“எனெபிஷ்,” என்றார் டோர்ஜ். “‘இவன் இல்லை’ எண்டு அர்த்தம். கூடாத ஆவி வந்து கேட்டா, இவன் அந்தப் பிள்ளை இல்லை எண்டு போயிடும்.” அவருக்கும் அந்தப் பெயர் அப்போதுதான் தெரிய வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் மெல்லக் கேட்டுத்தான் சொன்னார்.

“நாவூறுக்கு,” என்றாள் வசந்தி என்னிடம். “எங்கடை ஆக்கள் பொட்டு வைக்கினம், இவை பேரை வைக்கினம்.”

ஓயுனா உள்ளே போய் நீலப் பட்டுத்துணி கட்டிய கத்தரிக்கோலோடு வந்தாள். தமையனின் முகத்தைப் பார்க்காமல், கத்தரிக்கோலை மட்டும் நீட்டினாள். அவர் கை நீட்டியதும் இழுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை டோர்ஜ் பிறகுதான் எனக்குச் சொன்னார்: “எண்ணெய்க் கை. கழுவிப்போட்டு வா.”

அவர் கழுவினார். தேவைக்கு அதிகமாக நேரம் எடுத்து, முகத்தையும் சேர்த்துக் கழுவினார். பிள்ளை புல்லில் உட்கார்ந்து திறப்புக் கோவையைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, மாமன் முழங்கால் ஊன்றி, நீளமான பக்கத்திலிருந்து ஒரு கற்றையை வெட்டி நீலத் துணிக்குள் வைத்தார். கண்டிராத ஒருவரின் கைக்குப் பிள்ளை தலையைக் கொடுத்தது ஏன் என்று தெரியவில்லை. கடிக்க வேறு பொருள் கிடைத்ததுதான் காரணமாக இருக்கும். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக வெட்டினார்கள். விருந்தாளிகள் என்று எங்களிடமும் கத்தரிக்கோல் வந்தது. வசந்தி வெட்டும்போது வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். கடைசி வெட்டு விழும்போது மலை விளிம்பில் வெளிச்சம் ஒரு நூல் அளவுக்கு இருந்தது. இல்லை என்று யாராவது வழக்குப் போட்டால் நான் கனடாவிலிருந்து வந்து சாட்சி சொல்லத் தயார்.

அன்றைக்கு ஆடு, ஆட்டுக்குப் பிறகு ஆடு, நடுவில் புளித்த குதிரைப்பால். நாங்கள் எங்கள் பங்குக்குப் புட்டு அவித்தோம். ஒரு பெரியவர் மிளகாய்த்தூளைத் தனியாக வாயில் போட்டுவிட்டுக் கண்ணில் நீரோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தமையனும் தங்கையும் ஒரே கேருக்குள் எதிரும் புதிருமாக இருந்து, மற்ற எல்லோருடனும் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் மட்டும் பேசவில்லை.

“ஒரு சொல்லும் கதைக்கினமில்லையே,” என்றாள் வசந்தி. “கை கழுவு எண்டதோடை சரி. நாளைக்குத் திரும்பவும் பழையபடி போயிடுவினமோ?”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மரியாதையாக வழியனுப்பி வைப்பதைப் போல உறவை அறுத்துவிட வேறு நல்ல வழி கிடையாது.

காலையில் வானைப் பார்க்கப் போனேன். எங்கள் முதுகுப்பைகள் இரண்டும் வெளியே புல்லில் கிடந்தன. வானுக்குள், என் இருக்கையின்மேல், ஒரு இரும்பு அடுப்பு இருந்தது. அடுப்புக்குப் பின்னால் சுருட்டிய கம்பளி, கம்பளிக்கு மேல் கேரின் கூரைத்தடிகள். ஓயுனா இன்னும் ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். அங்கே புல் முடிந்துவிட்டதாம், அன்றைக்குக் கேரைக் கழற்றி வேறு மேய்ச்சலுக்குப் போகிறார்கள். வான் தரமுடியுமா என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டு ஏற்றுவது பிறத்தியாரிடம்.

டோர்ஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். அடுப்பின் கால் இருக்கையைக் கிழித்திருப்பதைக் கண்டார். சத்தம் போட்டார். ஓயுனா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அதைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டாள். அவர் வானைக் காட்டிக் கத்த, அவள் நகரம் இருக்கிற திசையைக் காட்டிக் கத்தினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக் கத்தினார்கள். குதிரைகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. பிள்ளை மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, மாமனையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

நான் பதறிப்போய் வசந்தியைத் தேடினேன். அவள் புல்லில் எங்கள் பையின்மேல் உட்கார்ந்து, பொக்கைவாய்க் கிழவர் ஒருவர் தந்த தேநீரை வலதுகையால் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாச் சண்டை பிடிக்கினம்,” என்றாள். “இனிப் பயமில்லை. போய் அந்தப் பெட்டியில ஒரு பக்கம் பிடியுங்கோ.”